பிரசரும் இல்லை, சீனியும் இல்லை

எங்கள் கரையில் அறுபதைத் தாண்டிய ஒருத்திக்குப் பிரசரும் இல்லை, சீனியும் இல்லை என்றால் அது ஒரு பட்டம். அந்தப் பட்டம் என்னிடம் இருந்தது. மாதா கோயில் வாசலில் மற்றவர்கள் தங்கள் மருந்துக் குளிசைகளை எண்ணிச் சொல்லி ஒப்பாரி வைக்கும்போது நான் வாயைத் திறக்காமல் பெருமையாக நிற்பேன். வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பல் இரண்டும் இல்லை.

நாலு வருடத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் கையும் முறிந்தது, பல்லும் போனது. கையைப் பார்த்த டொக்டர், எலும்பு தேய்ந்துவிட்டது என்று கிழமைக்கு ஒரு குளிசை எழுதினார். வெறுவயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கவேண்டும். பிறகு அரை மணித்தியாலம் சாப்பிடக்கூடாது, படுக்கவும் கூடாது. ஞாயிறுதோறும் பூசைக்கு வெளிக்கிடும்போது விழுங்கிவிடுவேன். பூசையில் நித்திரை கொள்பவர்கள் உண்டு, படுப்பவர்கள் இல்லை.

பல்லுக்குக் கட்டுப்பல் போட்டேன். பூசையில் வாசகம் வாசிப்பது நான்தான். ஒரு ஞாயிறு, வாசகத்தின் நடுவே அது கழன்று புத்தகத்தில் விழுந்தது. சுவாமியார் கண்ணை மூடிக்கொண்டார், செபிப்பதற்காக என்று நம்புகிறேன். அன்றோடு வாசிப்பதை விட்டேன். பகிடியாகச் சொன்னாலும் அது எனக்குப் பெரிய வேதனை. அந்த இடத்தில் நான் இருபது வருடம் நின்றிருக்கிறேன்.

வவுனியாவில் தாடை எலும்பில் திருகாணி பூட்டி, கழராத பல் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பல் டொக்டர் முதல்நாளே கேட்டார். "அம்மா, மருந்து ஏதும் பாவிக்கிறீங்களோ?"

"பிரசரும் இல்லை, சீனியும் இல்லை" என்று என் பட்டத்தை எடுத்து நீட்டினேன். அவரும் எழுதிக்கொண்டார்.

பூட்டுகிற நாள் ஒரு ஞாயிறு. முல்லைத்தீவில் விடிய பஸ் ஏறும்போது குளிசை போடவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பஸ் நிறுத்தும் புளியங்குளம் வரைக்கும் அடக்கிவைக்கிற வயதா எனக்கு? வவுனியாவில் பல் டொக்டரிடம் போய்ப் போட்டுக்கொள்ளலாம். டொக்டர்மார் எந்தக் காலத்தில் நேரத்துக்கு வந்தார்கள்? அரை மணித்தியாலம் தாராளமாகக் கிடைக்கும், கட்டிக்கொண்டு போன பிட்டையும் சாப்பிடலாம்.

குளிசையை விழுங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, கூப்பிட்டுவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வேலை தொடங்கும் டொக்டரை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். எரிச்சலாக இருந்தது. அவர் கதிரையைப் பின்னால் சாய்க்க, நான் நிமிர்ந்து எழும்பி இருந்தேன்.

"என்னம்மா, பயமோ?"

"பயமில்லை டொக்டர். இன்னும் இருபது நிமிசத்துக்குப் படுக்கேலாது. குளிசை போட்டனான்."

"என்ன குளிசை? மருந்து ஒண்டும் இல்லையெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது மருந்தில்லை. எலும்புக்கு. கிழமையில ஒருக்காத்தான், நாலு வருசமா."

அவர் கையுறையைக் கழற்றினார். அந்தக் குளிசை எடுப்பவர்களில் பலருக்கு ஒன்றும் ஆகாதாம். சிலருக்கு மட்டும் தாடையில் துளைத்த இடம் ஆறாமல் எலும்பே செத்துப்போகுமாம்.

"இண்டைக்குப் பூட்டமாட்டன். குளிசை தந்த டொக்டருக்குக் கடிதம் தாறன். அவரிட்டக் கேட்டுத்தான் முடிவு. அதுக்கிடையில நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ."

கடிதத்தோடு பஸ் ஸ்டாண்டில் இருந்து, நேரத்துக்கு வந்த அந்த மனிசனை மனதுக்குள் திட்டிக்கொண்டு பிட்டைப் பிரித்தேன். முதல் வாயை எடுக்கும்போதுதான் உறைத்தது. மற்ற டொக்டர்மாரைப் போல அவரும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால், நான் ஒரு சொல்லும் சொல்லாமல் படுத்து வாயைத் திறந்திருப்பேன்.