பதினோராவது பால்ஸ்

தேவி, சின்னி, உங்க நைனா செய்த தப்பு ஒன்றை உங்களுக்கே எழுதுகிறேன்.

போன மாசம் தேவியோட சைக்கிள் முன்சக்கரத்தில் கறகறவென்று சத்தம் வந்தது. சத்தம் வந்த பக்கத்தை மட்டும் பிரித்து, உள்ளே இருந்த சின்ன இரும்புக் குண்டுகளை, அதாவது பால்ஸை, மண்ணெண்ணெயில் கழுவினேன். அவற்றை டப்பா மூடியில் வாங்கி வைத்தது தேவிதான். புது கிரீஸ் தடவி அடுக்கினால், பத்து பால்ஸுக்குப் பிறகும் கொஞ்சம் இடம் காலியாகத் தெரிந்தது.

“ஒண்ணைத் தொலைச்சிட்டியா?”

“இல்ல நைனா, ஒண்ணுகூட கீழ விழல.”

“பொய் சொல்லாதே!” என்று கத்தினேன்.

சின்னி உடனே “பால்ஸ் திருடி, பால்ஸ் திருடி” என்று பாட ஆரம்பித்தாள். தேவி அழவில்லை. டப்பா மூடியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடையில் ஒரு பால்ஸ் வாங்கி வந்து, அந்த இடத்தில் அழுத்தி முறுக்கிவிட்டு, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். புத்தூர் போவதற்குள் சக்கரம் இறுகி நின்றது. தள்ளிக்கினு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். “என்னண்ணா, திருமலை பஸ்ல ஆள் ஏத்துற மாதிரி அடைச்சிருக்கீங்க! உருள்றதுக்கு இடம் வேணாவா?”

நான் தொடாத மறுபக்கத்தையும் திறந்து காட்டினார். அங்கேயும் பத்துதான், அதே இடைவெளி. நான் திணித்த பதினோராவதை எடுத்துவிட்டு மூடிக் கொடுத்தார். அதை முதலிலேயே பார்த்திருந்தால் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து, “சரியாயிடுச்சி” என்று மட்டும் சொன்னேன். மேலே சொல்ல வாய் வரவில்லை. சைக்கிளைச் சரி செய்ய அரை மணி நேரம் போதுமாயிருந்தது.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனதும், யாருமில்லாத வீட்டில், “தேவி, தப்பு என்னோடதும்மா” என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.