பன்னிரண்டாவது பெயர்

தபாலாபீஸ் வாசல் வந்ததும் ஜெயராஜ் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறார். தள்ளிக்கொண்டே கட்டடத்தைக் கடந்து, காம்பவுண்டுச் சுவர் முடிந்த பிறகுதான் மறுபடி ஏறுகிறார். சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து அவர் வேலை பார்க்கும் ஆபீஸ் வரை தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன், முனிசிபல் ஆபீஸ், ஓர் ஆஸ்பத்திரி என்று நான்கு அரசாங்கக் கட்டடங்கள். நான்கிலும் இறங்கி ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் தபாலாபீசுக்கும் இதே மரியாதைதான்.

"உள்ள ஆபீசர் யாராவது இருந்தா? நம்ப சைக்கிள்ல குந்திக்கினு போறத பாத்தா இன்னா நெனப்பாரு? எதுக்கு சார் வம்பு?"

கல்வி இலாகாவில் ரேஞ்ச் இன்ஸ்பெக்டரின் பியூன் அவர். நாற்பத்திரண்டு வயது, பதினான்கு வருஷ சர்வீஸ், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நல்ல உயரம்தான். ஆனால் அந்த உயரத்தை யாரும் பார்த்ததில்லை. அதிகாரியைவிட உயரமாகத் தெரிவது மரியாதைக் குறைவு என்று யாரோ ஒரு காலத்தில் சொல்லிவைத்திருக்கிறார்கள். அன்று வளைந்த முதுகு வீட்டுக்கு வந்தும் நிமிர்வதில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் யாராவது உரக்கச் சிரித்தால் உடனே "கம்முனு இருங்க" என்று அவர் குரல் கேட்கும். சிரிப்புக்கு எதிராக எந்தச் சட்டம் இருக்கிறதோ, அவருக்குத்தான் தெரியும்.

அரசாங்க முத்திரை போட்ட பழுப்பு உறை வந்தால் தானே பிரிக்கமாட்டார். என்னிடம் கொண்டுவந்து நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். "மொதல்ல நீங்க பாருங்க சார். கெட்டதா இருந்தா மெதுவா சொல்லுங்க." ஒரு தடவை அது அம்மை குத்திக்கொள்ள வரச் சொல்லும் முனிசிபல் நோட்டீஸ். நான் படித்து முடிப்பதற்குள் அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது.

அவருடைய பெரிய பயம் மாற்றல். தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பார். மனைவி நோரா ஒரு பங்களாவில் ஆயா. அவரையும் மகள் ரெஜினாவையும் விட்டுவிட்டு எங்கே போவது? வேலையை நிரந்தரமாக்கும் பைல் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பாவின் மேசைமேல் ஒரு வருஷமாக இருக்கிறது. "ஒரே ஒரு கையெழுத்து சார். அவர் போட்டா நான் மனுஷன். போடலேன்னா..." என்று அங்கேயே நிறுத்திவிடுவார்.

இத்தனை பயந்த மனிதரைத்தான் எங்கள் தெரு குருவாக வைத்திருந்தது. யாருக்கு எந்த ஆபீசில் காரியம் என்றாலும் முதலில் ஜெயராஜிடம் பாடம். மேசையிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பது, இருமல் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாம் நடித்தே காட்டுவார். முக்கியமான பாடம் ஒன்று உண்டு. "ஆபீசரு எந்த பாஷைல கேக்கறாரோ அந்த பாஷைல பதில் சொல்லு. கன்னடத்துல கேட்டா கன்னடம். இங்கிலீஷ்ல கேட்டா யெஸ் சார். அவரு மனசு கோணாம ஒத்துக்கினு போ. அதான் மரியாதி." கண்டோன்மென்ட் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே வாயில் உருளும். அதனால் யாருக்கும் இது சிரமமாக இல்லை. ரேஷன் கார்டு, குழாய் இணைப்பு என்று பல காரியங்கள் இந்தப் பாடத்தால் முடிந்தும் இருக்கின்றன.

போன மார்ச்சில் எங்கள் தெருவுக்கு ஒரு சங்கடம் வந்தது. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம். தெருக்கோடி முனிசிபல் பள்ளியில் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவு திறக்க வேண்டுமானால், குறைந்தது பத்துப் பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக் கேட்க வேண்டும். வீட்டில் பேசுவது தமிழ்தானா என்று இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரையும் நேரில் விசாரிப்பார். பத்துக்கு ஒன்று குறைந்தாலும் பிரிவு கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது. இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு போனால் அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்பு போகும். நான்கே வருஷத்தில் அந்தப் பள்ளியில் தமிழ் இருக்காது.

பெற்றோர் கமிட்டி என்று ஒன்றை ஆரம்பித்தோம். நான் செயலாளர். விதியைத் தளர்த்தச் சொல்லி மந்திரிக்கு மனு அனுப்பினோம். மைதானத்தில் கூட்டம் போட்டோம். கன்னட நாட்டில் கன்னடம் வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் பிள்ளைகள் அதைப் படிக்கத்தான் செய்கிறார்கள். முதல் எழுத்து மட்டும் வீட்டில் கேட்ட பாஷையில் இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. கூட்டத்தின் ஓரமாக மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் நின்று, பேசியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டார். மறுநாள் முதல் பாதிப் பேர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். மேடையேறிய ஒரு வாத்தியாரை மாற்றிவிட்டார்களாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எந்த வாத்தியார், எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் அந்தப் பேச்சு இன்னும் கொழுத்தது.

படாத பாடு பட்டுப் பதினொரு விண்ணப்பங்கள் சேர்த்தேன். ஒருநாள் காலை, பங்களாவுக்குப் போகிற வழியில், நோரா பன்னிரண்டாவதைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளையின் பெயர் ரெஜினா. தகப்பனார் பெயர் எஸ். ஜெயராஜ்.

"அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாதுண்ணா. சொன்னா பயந்தே செத்துடுவாரு. சின்னதுல என்னை பாஷை புரியாத கிளாஸ்ல குந்த வெச்சாங்க. டீச்சரு எழுந்திருன்றாங்களா, குந்துன்றாங்களான்னே தெரியாது. பக்கத்து பொண்ணைப் பாத்து பாத்து எழுந்து எழுந்து குந்துவேன். எல்லாம் சிரிக்கும். ரெண்டாங் கிளாசோட நின்னுட்டேன். ரெஜினாவும் அப்படிக் குந்தக் கூடாதுண்ணா."

வாங்கிக்கொண்டேன். இதனால் ஜெயராஜுக்கு என்ன நேரும் என்று யோசிக்காமல் இல்லை, யோசித்துவிட்டுத்தான் வாங்கினேன். தனியார் கம்பெனி குமாஸ்தாவான எனக்கு என்ன நஷ்டம்? பதினொன்றைவிடப் பன்னிரண்டு தைரியமாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நோராவால் இரண்டு நாள்கூட மறைக்க முடியவில்லை. ஜெயராஜ் துவட்டாத தலையோடு என் வாசலில் வந்து நின்றார். "சார், என் பேர எடுத்துடுங்க சார். உங்க கால்ல வேணா விழறேன்."

விண்ணப்பங்கள் முந்தின நாளே ஆபீசில் சேர்ந்துவிட்டன என்றேன். அவர் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பச்சை நாடா போட்ட கட்டா?"

"ஆமாம்."

"நேத்து நான்தான் சார் அத குமாஸ்தா மேசைலேந்து அய்யா ரூமுக்கு எடுத்துனு போனேன். என் கையிலதான் இருந்திச்சு. தெரியலியே சார்."

அன்று முதல் அந்தக் கட்டு அவர் அக்குளிலேயே அலைந்தது. காலையில் குமாஸ்தாவிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கு, மாலையில் இன்ஸ்பெக்டரிடமிருந்து அலமாரிக்கு. ஒரு தாளை உருவிவிட ஒரு நிமிஷம் போதும். அதையும் யோசித்திருக்கிறார். "உருவிடலாம் சார். ஆனா தாளுக்குத் தாளு நம்பர் போட்டிருக்காங்க. பன்னெண்டு எங்கேன்னா பியூனத்தான் கேப்பாங்க." கிழிக்கவும் பயம், விட்டுவைக்கவும் பயம். இன்ஸ்பெக்டர் மணியடித்தால் ஒவ்வொரு தடவையும் இதோ கண்டுபிடித்துவிட்டார் என்று நெஞ்சு அடைக்குமாம். மூன்று வாரத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமும் இல்லை, அதை அடக்கும் சத்தமும் இல்லை. அந்த நிசப்தம் என்னையும் பிடித்துக்கொண்டது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எனக்கும் திக்கென்றது.

விசாரணை ஒரு சனிக்கிழமை காலை, பள்ளியின் ஒன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. பெற்றோர் எல்லோரும் வெளியே தெருவில் மரத்தடியில் பிள்ளைகளோடு நின்றார்கள். செயலாளர் என்பதற்காக என்னை ஜன்னலோரம் நிற்க அனுமதித்தார்கள், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. இன்ஸ்பெக்டர் பெயரைப் படிப்பார். ஜெயராஜ் வாசலுக்குப் போய், கோர்ட்டில் கூப்பிடுவதுபோல, தெருவைப் பார்த்து மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால் பெயர்மேல் கோடு விழும். எப்போதும் முணுமுணுப்பாகவே பேசுகிற மனிதருக்கு அப்படி ஒரு வெண்கலக் குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் பெயர் ஜட்கா வண்டி ஓட்டும் கோவிந்தப்பா. வந்து, பாடத்தில் சொன்னபடி தள்ளி நின்று, கை கட்டினார். கிருஷ்ணப்பா கெட்ட மனிதர் அல்ல. யாரையும் அதட்டாமல், மரியாதையாகத்தான் கேட்டார். "மனேலி யாவ பாஷெ மாதாட்தீரா?" வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்பது கேள்வி. தமிழ் என்று சொல்லும்படி ஒரு வாரமாக நாங்கள் தெருத்தெருவாகச் சொல்லிவைத்திருந்தோம். கோவிந்தப்பா இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தார். ஜெயராஜ் முகத்தைப் பார்த்தார். பிறகு பணிவாகச் சொன்னார்.

"தாவு ஏன் ஹேள்தீரோ அதே மாதாட்தீவி ஸ்வாமி."

தாங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதையே பேசுகிறோம் என்று அர்த்தம். அழகான கன்னடம். இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டு, கன்னடம் என்று எழுதிக் கோடு போட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காதில் விழுந்ததைத்தானே எழுத முடியும்? அடுத்து வந்த பூக்கார முத்தம்மா ஒரு படி மேலே போய், தனக்குக் கன்னடம் நன்றாக வரும் என்று கன்னடத்திலேயே புகழ்ந்துகொண்டார். இன்னொரு கோடு.

எங்கள் ஒரு வாரப் பிரசாரத்தை ஜெயராஜின் பத்து வருஷப் பாடம் தின்றுகொண்டிருந்தது. அவரைப் பார்த்தேன். கோடு விழுந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய பாடம் என்று அவருக்கும் விளங்கிவிட்டது. பன்னிரண்டில் இரண்டு போய்ப் பத்து மிச்சம். இனி ஒன்றுகூடக் குறையக் கூடாது. அந்தப் பத்தில் கடைசிப் பெயர் அவருடையது.

மூன்றாவது ஆள் வாசல்படி ஏறும்போது, ஜெயராஜ் உதடு அசையாமல் ஏதோ சொல்வது தெரிந்தது. ஜன்னலுக்கு மெல்ல எட்டியது. "தமிழ்ல சொல்லு." அந்த ஆள் திகைத்தார். "தமிழ்ல சொல்லுய்யா, கேக்கறாருன்னு பயப்படாதே." சொல்லும்போது அவர் கழுத்து நரம்பு துடித்தது. இன்ஸ்பெக்டரின் பேனா ஒருமுறை நின்றது. ஜெயராஜ் சிலையாகிவிட்டார். பேனா மறுபடி ஓடியது. இப்படியே ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் தமிழ் என்று சொல்லி, அவரவர் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள்.

கடைசித் தாள். "எஸ். ஜெயராஜ்" என்று படித்தார் இன்ஸ்பெக்டர். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊரில் எத்தனையோ ஜெயராஜ்கள், தன் பியூன் என்று அவருக்குத் தோன்றவில்லை. "கரி" என்றார். கன்னடத்தில் கூப்பிடு என்று அர்த்தம்.

ஜெயராஜ் நகரவில்லை. வெளியே போய் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, யாரும் வரவில்லை என்று திரும்பிவந்து சொன்னால் போதும். ஒரு கோடு விழும். தாள் மடிந்துவிடும். மேசைமேல் ஒரு வருஷமாகக் காத்திருக்கும் அந்த இன்னொரு பைலுக்கும் ஆபத்து வராது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

வாசலுக்குப் போனார். "எஸ். ஜெயராஜ்!" முதல் கூப்பாடு பாதியில் உடைந்தது. மரத்தடியில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நோரா தலையைக் குனிந்துகொண்டார். "எஸ். ஜெயராஜ்!" மூன்றாவது முறை கூப்பிட்டது மார்க்கெட் வரை கேட்டிருக்கும்.

பிறகு படியிறங்கித் தெருவுக்குப் போனார். மற்றவர்கள் கழற்றியிருந்த இடத்தில் தன் செருப்பையும் கழற்றினார். மறுபடி படியேறி உள்ளே வந்து, எப்போதும் நிற்கும் இன்ஸ்பெக்டர் நாற்காலிப் பக்கம் போகாமல், மேசைக்கு இந்தப் பக்கம், மற்றப் பெற்றோர் நின்ற இடத்தில் வந்து நின்றார்.

"மனேலி யாவ பாஷெ மாதாட்தீரா?" தலை நிமிராமல், மற்றவர்களைக் கேட்ட அதே மரியாதையோடு கேட்டார் இன்ஸ்பெக்டர். பதில் வராததால் நிமிர்ந்தார். நெடுநேரம் பார்த்தார். பதினான்கு வருஷமாக அந்த ஆபீசில் ஜெயராஜின் வாயிலிருந்து கன்னடம் தவிர வேறு பாஷை வந்ததில்லை.

"தமிழ் சார்" என்றார் ஜெயராஜ். "வூட்ல தமிழ்தான் சார் பேசறோம்."

இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினார். ஜெயராஜ் பேனாவை எடுத்தார். நிப்பு தாளில் தட்டித் தட்டி ஒரு சொட்டு மை விழுந்தது. அவர் இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.