சைடிங்கில் நின்ற சக்களத்தி

அவள் அந்த ரயில் பெட்டியில் போகவே இல்லையம்மா. போனவள் நான். நேற்று குழாயடியில் உன்னிடம் என்ன சொன்னாள், பங்காரப்பேட்டை வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாளாமா? புடவைத் தலைப்பு காற்றில் பறந்ததாமா? பறந்தது வாஸ்தவம். ரயிலில் இல்லை, ரயிலுக்குப் பக்கத்தில் ஓடும்போது பறந்தது. நீ இந்த லயன் வீடுகளுக்குப் புதுசு, உனக்கு எப்படித் தெரியும்! எதிர்வீட்டுக்காரி சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள், அவள் சிரிப்பு அப்படி. உட்கார். அந்த முறத்தை இப்படிக் கொடு, களி அடுப்பில் வேகட்டும், நாளைக்கு ராகியைப் புடைத்துக்கொண்டே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குத் தங்கச் சுரங்கத்தில் மரம் கட்டுகிற வேலை. உள்ளே பாறை சரியாமல் இருக்க மரத்தூண் நிறுத்துவார்களே, அது. நாள் முழுக்க மரத்தோடு கிடந்துவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தோன்ற வேண்டுமா இல்லையா? இவருக்கு மரத்தால் செய்த ரயில் பெட்டியைப் பார்க்கத் தோன்றும். மற்றவர்கள் சாராயக் கடைக்குப் போனார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் கொடுத்துவைத்தவர்கள். கடைக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை கத்தினால் ஆள் வெளியே வந்துவிடுவான். ஸ்டேஷனில் போய் யாரைப் பார்த்துக் கத்துவது?

மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டைக்குப் போகிற வண்டியில் முன்பு எல்லாமே மரப்பெட்டிதான். சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக இரும்புப் பெட்டி வர ஆரம்பித்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். மழை ஒழுகாது, மூட்டைப்பூச்சி கடிக்காது. இவருக்கும் இவருடைய கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் மட்டும் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு கூட்டாளி எதிர்வீட்டுக்காரர், உன்னிடம் கதை அளந்தாளே, அவள் புருஷன். இன்னொருவர் கல்யாணம் ஆகாத பெரியவர். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, பகலில் எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவார். மூன்று பேரும் ஊரிகம் ஸ்டேஷனில் போய் நிற்பார்கள். வருகிற வண்டியில் மரப்பெட்டி இல்லையென்றால் ஏற மாட்டார்கள். "அது கெடக்குது தகர டப்பா" என்று போகவிட்டு அடுத்த வண்டிக்கு நிற்பார்கள்.

என் தங்கச்சி பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றைக்கு இப்படித்தான். நான் முந்தின நாளே போய்விட்டேன். இவர் வந்து சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட்டு இலை எடுத்தாயிற்று.

"இன்னா மாமா இவ்ளோ நேரம்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"மரப்பொட்டி இப்பதான் வந்திச்சி" என்றார், ஏதோ டாக்டர் வர லேட்டாகிவிட்ட மாதிரி. அவமானம் எனக்கு.

அதிலும் ஒரு பெட்டி மேல் தனி உயிர். கடைசிப் பெட்டி. அதன் நம்பரைச் சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கு எழுத்தும் தெரியாது, நம்பரும் தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் பீடி சுட்ட கறுப்பு ஒன்று இருக்கும், அதை வைத்து எனக்கு அவளைத் தெரியும். தேக்கு மரமாம். ஜன்னல் கதவை ஏற்றி இறக்க ஒரு தோல் வாராம். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு.

"அந்த வாரை இழுத்தா ஜன்னல் எறங்கற சத்தம் கீதே, வளையல் குலுங்கற மாதிரி கீதுமே."

என் கையிலும்தான் வளையல் இருந்தது. தட்டில் களியைப் போடும்போது நன்றாகவே குலுக்கிப் பார்த்தேன். நிமிர்ந்தாரா? "கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார்.

லயனில் பெண்களுக்கு இது போதாதா? இன்ஜின் கூவினால் போதும், "இன்னாக்கா, உன் சக்களத்தி வந்துட்டா போல, கூப்புடறா பாரு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வயிறு எரியும். மனுஷியாக இருந்தால் கொண்டையைப் பிடித்து இழுக்கலாம். பெட்டிக்கு எங்கே பிடிப்பது?

ஒரு நாள் அந்தப் பெட்டியைக் கழற்றி, ஊரிகத்தில் ஓரத்துத் தண்டவாளத்தில் நிறுத்திவிட்டார்கள். சைடிங் என்பார்கள் அதை. இனிமேல் அவள் ஓட மாட்டாள், என்றைக்காவது பங்காரப்பேட்டைக்கு இழுத்துப்போய் உடைத்துவிடுவார்கள் என்று பேச்சு. அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. குடிக்கவும் இல்லை.

தொலைந்தாள் என்று நினைத்தேன். எங்கே தொலைந்தாள்? ஓடின வரைக்கும் போவாள் வருவாள். இப்போது ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று பேரும் அதற்குள் போய் உட்கார ஆரம்பித்தார்கள். ஓடாத வண்டியில்! நானும் வருகிறேன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"நின்னுக்கினு இருக்கற வண்டியில நீ வந்து இன்னாமே பண்ணப்போற?" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். மூடினேனே தவிர மறக்கவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு நான் வந்தது அந்த மாதிரி மரப்பெட்டியில்தான். ஜன்னலோரம் அவருடைய அத்தை உட்கார்ந்துகொண்டாள், நான் மூட்டைகளுக்கு நடுவில். அதற்குப் பிறகு ரயில் ஏறியதெல்லாம் சாவுக்கும் பிரசவத்துக்கும்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரோடு ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா போக வேண்டும். யாரையும் பார்க்க இல்லை, எதையும் வாங்க இல்லை, சும்மா. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இதைப் போய் வாய்விட்டுக் கேட்க முடியுமா சொல்லு. அவராக அல்லவா கூப்பிட வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எதிர்வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்தப் பொட்டில ஜன்னலாண்ட குந்தினா இன்னா காத்து தெரியுமா!"

"எந்தப் பொட்டில?"

"அதான்க்கா, நம்ம பொட்டி. கோயில்ல பூசை முடிஞ்சதும் அவரோட நேரா அங்கதான் போறேன். அண்ணன் உங்களாண்ட சொல்லலியா?"

நம்ம பொட்டியாம்! என் குடம் நிறைந்து வழிகிறது, நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் விட்டாளா?

"அண்ணன் என்னை மணிகூட அடிக்கவுட்டாரு" என்றாள்.

இந்த மணியை உனக்குச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் கேஜ் என்று ஓர் இரும்புக் கூண்டு. அதில் ஏற்றித்தான் ஆட்களை உள்ளே இறக்குவார்கள், வெளியே எடுப்பார்கள். ஆழத்தில் நின்று கத்தினால் மேலே கேட்குமா? மணிதான் பேசும். நிறுத்து என்றால் ஒரு மாதிரி, இறக்கு என்றால் ஒரு மாதிரி, 'உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்து இழு' என்றால் ஒரு மாதிரி. அந்தப் பழக்கம் எங்கள் வீடுகளுக்குள்ளேயும் வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்தால் இவர் கதவில் அந்த ஆள் மணியைத்தான் தட்டுவார். வந்துவிட்டேன், உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். நான் கரண்டியால் சட்டியில் திருப்பித் தட்டுவேன். லயனில் யார் வீட்டுக் கதவு எது என்று தட்டுகிற கையை வைத்தே சொல்லலாம்.

பெட்டியில் உட்கார்ந்ததும் இவர் எதையாவது எடுத்துக் கதவுக் கம்பியில் அந்த மணியைத் தட்டுவாராம். உடனே எல்லோரும் வண்டி ஓடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடுவார்களாம். பெரிய பெரிய ஆம்பிளைகள்! ஆடிவிட்டுப் போகட்டும். ஆனால் என் கதவில் தட்டுகிற மணியை அவள் கையால் தட்டவிட்டிருக்கிறார். அதை நான் எப்படி விழுங்குவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தேன். மிளகாய் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஊரிகத்துக்கு நடந்தேன். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டின சயனைடு மேட்டு மணலைக் காற்று வாரி மூஞ்சியில் அடித்தது. நான் நிற்கவில்லை.

பெட்டிக்குள் ஏறினால், ஜன்னலோரம் அவள். கோயிலுக்குக் கட்டின பட்டுப்புடவை, தலையில் கனகாம்பரம். எதிரே இவரும் அவள் புருஷனும். பெரியவர் சாமான் வைக்கிற மேல்பலகையில் வாயைத் திறந்துகொண்டு தூக்கம்.

"இன்னாமே, எதுக்கு வந்த? வூட்ல யாருக்கின்னா ஆச்சா?" என்று பதறினார் இவர்.

"ஒண்ணும் ஆவல. சோறு எடுத்தாந்தேன்."

"வாங்கக்கா, இந்தப் பக்கம் குந்துங்க" என்றாள் அவள், தன் வீட்டு விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி.

நான் உட்காரவில்லை. நின்றபடியே தூக்கைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் யாரோ பெட்டியை எட்டி உதைத்த மாதிரி ஒரு இடி. குழம்பு தளும்பி அவள் பட்டுப்புடவையில் ஊற்றியது. நான் வேண்டுமென்று ஊற்றவில்லை, சத்தியமாக. ஆனால் துடைக்கவும் போகவில்லை.

எதிர்வீட்டுக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். "இன்ஜினை மாட்டிட்டானுங்கப்பா. இட்டுக்கினு போவ வந்துட்டானுங்க. எறங்கு, எறங்கு."

அவள் "அய்யோ என் பொடவ" என்று குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். பின்னாலேயே அவள் புருஷன். ஜன்னலோரம் காலி. நான் போய் உட்கார்ந்தேன்.

"எழுந்திருமே, பொட்டி போவப்போவுது" என்றார் இவர்.

"போவட்டும்."

"வெளையாடாத. ஒடைக்கறதுக்கு இட்டுக்கினு போறானுங்க."

"அவ குந்தினா காத்து வரும், நான் குந்தினா ஒடைஞ்சி பூடுமா?"

அவர் ஒரு காலைப் படியில் வைத்தார், எடுத்தார். கை மட்டும் கதவை விடவில்லை. அவருக்கு இறங்க மனசில்லை. எனக்காகவா? அவளுக்காக, அந்தப் பெட்டிக்காக. கண் கலங்கியிருந்தது மனிதருக்கு. என் பிரசவத்தின்போதுகூட நான் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. தூக்கு மூடியை எடுத்தேன். கதவுக் கம்பியில் ஓங்கி அடித்தேன், அதே மணி. ஆள் இருக்கிறது, இழு.

பெட்டியை இன்ஜினோடு மாட்டிவிட்டுக் கொடியோடு நின்ற ஆள் யார் தெரியுமா? முன்பு சுரங்கத்தில் கேஜ் வாசலில் மணி கொடுத்துக்கொண்டிருந்தவர். ரயில்வேக்கு மாறி வந்திருந்தார். வேலை மாறினால் காது மாறுமா? எட்டிப் பார்க்கவில்லை, யார் என்று கேட்கவில்லை. மணி கேட்டதும் கை தானாகக் கொடியைத் தூக்கிவிட்டது. இன்ஜின் கூவியது. பெட்டி நகர்ந்தது!

"அக்கா! நிக்கச் சொல்லுங்கக்கா! நானும் வர்றேன்!" என்று கூடவே ஓடிவந்தாள், ஒரு கையில் சொம்பு, தலைப்பு ஒரு பக்கம் பறக்கிறது. நான் கையை ஆட்டினேன். நன்றாக வெளியே நீட்டி, அவள் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் ஆட்டினேன்.

இவர் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு என் எதிரே உட்கார்ந்தார். சயனைடு மேடு பின்னால் ஓடுகிறது, கோரமண்டல் ஸ்டேஷன் நிற்காமல் ஓடுகிறது, வேலியில் துணி காயப்போட்ட ஒரு பெண் வாயைப் பிளந்து பார்க்கிறாள். நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

"தூசு கண்ல வுழும்" என்று எழுந்துவந்து வாரை இழுத்து ஜன்னலைப் பாதி இறக்கினார். எனக்காக. "கேட்டியா அந்த சத்தம்?"

கேட்டேன். வளையல்தான், பொய்யில்லை. அந்தப் பெட்டிச் சக்களத்திக்கு அந்தப் பெருமையைக் கொடுப்பேனா? "தகர டப்பா மாதிரி கீது" என்றேன். அவர் சிரித்தார் பார், அப்படிச் சிரித்தார். ஒரு கை சீட்டுப் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தது. போகட்டும், சாகப்போகிறவள்தானே. இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன். பங்காரப்பேட்டை வரைக்கும் விடவில்லை.

அங்கே யார்டில் பெட்டி நின்றதும்தான் பெரியவர் மேலேயிருந்து தலையை நீட்டினார். "இன்னாப்பா, இன்னிக்கு நெசமாவே ஓடற மாதிரி கீதே!"

கொடிக்காரர் ஓடிவந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "யாருய்யா உள்ள? யாரு மணி குடுத்தது?"

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நாந்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரியாத்தான்மா குடுத்த. அதான் என் கை தூக்கிடுச்சி. யாராண்டயும் சொல்லிடாதீங்க, வேலை பூடும்." பாவம். அவர் பேரை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பி வந்தது இரும்புப் பெட்டியில். இவர் உட்காரவே இல்லை. அடுத்த ஞாயிறு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செத்தும் என்னை நிம்மதியாக விடவில்லை அவள். இவர் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்தால், எனக்கும் இவருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது.

அப்புறம் ஒரு நாள், சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"மாரிக்குப்பத்துல கூட்ஸ் வண்டிக் கடைசில கார்டு குந்தற பொட்டி ஒண்ணு நிக்குதாம். முழுக்க மரமாம்." நான் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். "வரியாமே?"

கேட்டாயா? வரியாமே! அவராகக் கூப்பிட்டார். கையெல்லாம் சாம்பல், கண்ணில் தண்ணீர். உடனே சரி என்று சொல்லிவிடுவேனா?

"எதிர்வூட்டுக்காரி வர்றாளா?"

"வர்றாங்களாம். கெளம்பிக்கினு இருக்காங்க."

"அப்ப இப்பவே நட" என்றேன். தலைகூட வாரவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வருகிறார், கார்டு பெட்டி சின்னது, அதில் நல்லதாக ஜன்னல் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று. எனக்குக் கால் தரையில் படவில்லை. போய்ப் பார்த்தால் அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரே ஒரு ஆள் உட்காருகிற பலகை, அதில்... அய்யய்யோ, களி அடிபிடிக்குதும்மா! தள்ளிக்கோ, தள்ளிக்கோ, இந்த முறத்தைப் பிடி...