இடக்கைப் பாடம்

பால் கறப்பதற்காகப் பியானோ படிக்கப் போனவள் மன்னாரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் வயல். சண்டையில் இடம்பெயர்ந்து, கடைசிவரை ஓடி, முகாமில் இருந்து, ஊர் திரும்பியபோது என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. திரும்பி வந்த முதல் போகத்திலேயே, தண்ணீர் இறைக்கும் மெசினின் சுழலும் பட்டிக்குள் இடக்கையைக் கொடுத்துவிட்டேன். யாரும் தள்ளவில்லை. பட்டி நழுவப் பார்த்தது, மெசினை நிற்பாட்டாமலே தட்டிவிடப் போனேன், அவ்வளவுதான். கை தப்பியது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மட்டும் சொல்வழி கேட்பதை விட்டுவிட்டன.

நான் தம்பி குடும்பத்தோடு இருந்தேன். கலியாணம் செய்யவில்லை, அது வேறு கதை. மீள்குடியேறியவர்களுக்கு உதவியாகக் கொடுத்த பசுக்களில் ஒன்று என் பெயருக்குக் கிடைத்திருந்தது. அந்த வளவில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பால் கறக்கும்போது ஆட்காட்டி விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக இறுக்கிக்கொண்டு கீழே வரவேண்டும். கடைசி இரண்டு விரலும் சும்மா நின்றால் பாலும் பாதியில் நிற்கும், மாட்டுக்கும் எரிச்சல் வரும். என் மாடு வாளியை உதைத்துக் கொட்டியது. அதற்குப் பிறகு மச்சாள், தம்பியின் மனைவி, கறக்கத் தொடங்கினாள். நல்லவள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் கறக்கிறவளோடுதான் மாடு ஒட்டும். கொஞ்ச நாளில் அயலட்டையில் எல்லோரும் அவளிடமே மாட்டைப் பற்றி விசாரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கை சரிவர வேண்டும், என் மாட்டை நானே கறக்க வேண்டும். அதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்த பெடியன், பியானோ வாசிக்கிறவர்களைப் போல விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னான். வீட்டில் மேசையில் தட்டிப் பார்த்தேன். மேசை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது, பியானோ எங்கே படிக்கலாம் என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தன் அக்காவின் பிள்ளைகள் படிக்கும் வீட்டைச் சொன்னான். உதாரணத்துக்குச் சொன்னதை நான் மருந்தென்று எடுத்துக்கொண்டேனோ என்னவோ, இன்றைக்கும் தெரியாது.

அந்த வீடு மன்னார் தீவில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்தது. பாடம் சொல்லித்தந்த ரீச்சர் கத்தோலிக்கப் பெண், என்னைவிட இளையவர், தாயோடு தனியாக இருந்தார். முன் அறையில் பியானோ நின்றது. உப்புக்காற்றில் இரண்டு மூன்று கட்டைகள் அழுத்தினால் திரும்பி எழும்பாது, அவற்றை விரலால் கிளப்பிவிட வேண்டும். ரீச்சர் வாசிப்பதற்கு நடுவே அதையும் செய்துகொள்வார்.

முதல் நாள் நான் என் கையை நீட்டி, இதற்காகத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். "ஒண்டும் சொல்ல வேண்டாம் அக்கா. வாங்கோ, இருங்கோ," என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்த ஆண்டுகளில் ஒருவருடைய காயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டால் எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்றெல்லாம் கதை போகும். போதாததற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. செல் குண்டு பட்டு முழுக் கையே போனவர்கள் இருக்கும் ஊரில், தண்ணீர் மெசினில் விரலைக் கொடுத்தேன் என்று என்ன பெருமைக்குச் சொல்வது?

அன்றிலிருந்து தொடங்கியது என் குழப்பம்.

ரீச்சர் காசு வாங்கவில்லை. நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அதனால் தயிர்ச் சட்டியோடு போகத் தொடங்கினேன். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் பின்னேரம் வர, எனக்கு மட்டும் சனிக்கிழமை உச்சி வெயிலில் நேரம் தந்தார். நான் உள்ளே போனதும் தெருப்பக்க யன்னலைச் சாத்துவார். அந்த வெக்கையில் ஏன் யன்னலைச் சாத்துகிறார் என்று யோசித்து, கடைசியில் என்னில் மாட்டு மணம் அடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை சவர்க்காரம் போட்டு முழுகுவேன், சனிக்கிழமை காலையிலும் முழுகுவேன், பவுடர் வேறு அப்புவேன். இவ்வளவு அலங்காரம் எங்கே போகவென்று மச்சாள் கேட்டாள். என்றாலும் யன்னல் சாத்தித்தான் இருந்தது. மணம் அடிக்கிறதென்றால் திறந்தல்லவா விடுவார்கள் என்பது எனக்குப் பல வாரம் உறைக்கவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம் பாடம். இசைத்தாளில் இரண்டு வரி இருக்கும், மேல்வரி வலக்கைக்கு, கீழ்வரி இடக்கைக்கு. எனக்கு அந்தப் புள்ளிகளை வாசிக்கத் தெரியாது, ஆனால் இரண்டு வரி இருப்பது தெரியும்தானே. ரீச்சர் கீழ்வரியின் மேல் ஒரு மட்டைத் துண்டை வைத்து மறைத்துவிடுவார். தன் கதிரையை எனக்கு இடப்பக்கம் போட்டுக்கொண்டு, இடக்கைக்கு உரியதைத் தானே வாசிப்பார். என் வலக்கை, அவருடைய இடக்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் இடக்கை மடியில் கிடந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

வலக்கை பழகியபிறகு இடக்கை வரும் போலிருக்கிறது என்று பொறுத்திருந்தேன். மாதங்கள் போயின. மாதா கோயில் ஆராதனைப் பாட்டு ஒன்றைக்கூட வலக்கையால் முழுதாக வாசித்துவிட்டேன், இந்து வீட்டுப் பெண். மாட்டைக் கறப்பவள் இன்னும் மச்சாள்தான். பஸ்ஸில் வரும்போது ஆத்திரமாக இருக்கும். இந்த மனுசி என்னை ஏமாற்றுகிறாரா? நான் ஒன்றுக்கும் உதவமாட்டேன் என்று தீர்மானித்துவிட்டாரா? அப்படியென்றால் ஏன் இத்தனை அன்பு, ஏன் ஒவ்வொரு முறையும் தேத்தண்ணியும் பணிஸும்? வாசிக்கும்போது சில வேளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பினால் தாளைப் பார்ப்பார். எதையோ கேட்கப் போகிறார் என்று தெரியும், கேட்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று வாயில் தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவர் முந்திக்கொண்டார். யன்னலைச் சாத்திவிட்டு, கதிரையில் இருக்காமல் அலுமாரியைத் திறந்து, ஒரு படத்தை எடுத்து வந்து பியானோவின் மேல் வைத்தார். வெள்ளைச் சேட் போட்ட ஒரு பெடியன், அரும்பு மீசை, பள்ளிக்கூடத்துக்கு எடுத்த படம் போலிருந்தது.

"என்ர அண்ணா," என்றார். "இயக்கம் கூட்டிக்கொண்டு போனது. பிறகு ஒரு தகவலும் இல்லை. நீங்கள் உள்ளுக்கு இருந்தனீங்கள்தானே அக்கா. கடைசி நேரத்தில எங்கயாவது கண்டனீங்களோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. சாத்திய யன்னல், வாங்காத காசு, யாரும் இல்லாத உச்சி நேரம், தொடாத இடக்கை. போராடி, காயப்பட்டு, புனர்வாழ்வு முடித்து வந்தவள் என்று என்னை நினைத்திருக்கிறார். யாராவது பார்த்துச் சொல்லி, ஆமிக்காரர் விசாரணைக்கு வருவார்களோ என்று எனக்காகப் பயந்திருக்கிறார். அந்தக் கையைத் தொட்டால் எனக்கு நோகும் என்று அதன் பாட்டையும் தானே வாசித்திருக்கிறார். கேட்கத் தைரியம் வரும்வரை இத்தனை மாதமும் எனக்குப் பியானோ சொல்லித் தந்திருக்கிறார்.

படத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசி நாட்களில் நானும் அந்தச் சனத்துக்குள்தான் கிடந்தேன், எத்தனையோ முகம் பார்த்தேன். கண்டது போலவும் இருந்தது, காணாதது போலவும் இருந்தது. கண்டேன் என்று சொல்லலாமா? ரீச்சரின் முகத்தைப் பார்த்தபோது சொல்லிவிட மனம் உன்னியது. சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கு என்ன செய்வேன்?

"ரீச்சர், நான் இயக்கத்தில இருக்கேல்லை," என்றேன். "இது இஞ்ச வந்தாப்பிறகு தண்ணி மெசின்ர பட்டியில குடுத்த கை. உங்கட அண்ணாவை எனக்குத் தெரியேல்லை."

அவர் படத்தை என் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பியானோவின் மேல் வைத்தார். "அப்ப நீங்கள் ஏன் அக்கா இஞ்ச வந்தனீங்கள்?"

"பால் கறக்க."

எப்படியாவது வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் வாயில் வந்தது அதுதான். ரீச்சர் உள்ளே போய்விட்டார். தண்ணீர்ப் பைப் ஓடும் சத்தம் கேட்டது. எழும்பிப் போவதா இருப்பதா என்று தெரியாமல் தயிர்ச் சட்டியை மடியில் எடுத்தேன், திரும்பக் கீழே வைத்தேன். பெரிய களவொன்று செய்தவள்போல இருந்தது, ஆனால் என்ன களவெடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்தார். யன்னலைத் திறந்துவிட்டார். கதிரையைத் தூக்கி என் வலப்பக்கம் போட்டார். தாளில் இருந்த மட்டையை எடுத்துக் கீழே வைத்தார்.

"இடக்கையை வையுங்கோ. இடக்கைக்குச் சுண்டுவிரல்தான் முதல்."

வைத்தேன். விரல் போகவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை, தன் கையைக் கொண்டுவரவும் இல்லை. தோளிலிருந்து தள்ளி எப்படியோ அழுத்தினேன், கனத்த ஒலி ஒன்று வந்தது. நான் அழுதுவிட்டேன். அவரும்தான். கட்டை எழும்பாமல் கிடந்தது, அவர் கிளப்பிவிட்டார்.

கை முழுதாகச் சரிவரவில்லை, மாட்டைக் கறக்கும் அளவுக்கு வந்தது. மாடு முதலில் உதைத்தது, பிறகு பழகிக்கொண்டது. படத்தை ரீச்சர் திரும்ப அலுமாரியில் வைக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதற்கு நேரே இருந்துதான் இடக்கையைப் பழகினேன், அதனால் அந்த முகம் எனக்கும் பாடமாகிவிட்டது. இப்போதும் பஸ்ஸில், அந்த அண்ணாவுக்கு இன்றைக்கு இருக்கக்கூடிய வயதில் ஆண் யாராவது ஏறினால் நான் முகத்தைப் பார்க்கிறேன்.