கட்டை விரலால் அழுத்திய ஏலப்பொடி

எனக்குப் பொறுமை குறைவு. கண்ணாடிச் சாமான்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அது ஆகாது. போடியில் மசாலாப் பொருள்களைச் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தபோது, சத்துப் பிரிக்கும் கருவி ஒன்று என்னை ஒரு வாரம் பாடாய்ப் படுத்தியது.

கீழே குடுவையில் சத்தைக் கரைத்தெடுக்கும் அசிட்டோன் திரவம் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, நடுக்குழாயில் காகிதக் கூட்டுக்குள் இருக்கும் ஏலக்காய்ப் பொடி மேல் சொட்டும். குழாய் நிரம்பியதும் அசிட்டோன் சத்தோடு சேர்ந்து மொத்தமாகக் கீழே இறங்கிவிடும். இப்படியே பல சுற்று. கடைசியில் குடுவையில் தங்கும் சத்தை எடை போட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

போடிமெட்டுச் சரிவில் புது ரகம் வைத்திருந்த ஒருவர் தன் காயைக் கொடுத்திருந்தார். சத்து இருந்தால் செடியை வைத்துக்கொள்வார். இல்லையென்றால் பிடுங்கிவிட்டுப் பழைய ரகத்துக்கே போவார். முதல் சோதனையில் குறைவாக வந்தது. அவசரக் குடுக்கை நான், உடனே போனில் சொல்லிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் மறுபடி ஓட்டினால் இன்னும் குறைவு. மூன்றாம் தடவை அதைவிடக் குறைவு. ஒரே பையில் எடுத்த காய்!

குளிர்நீர் ஒழுங்காக ஓடியது. மூட்டுகளில் ஆவி கசியவில்லை. இறங்கு குழாயில் அடைப்பில்லை. சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். எல்லாம் சரியாக இருந்தும் விடை மட்டும் ஏன் மாறுகிறது? கருவியைச் சந்தேகப்படுவதா, காயையா, என்னையா என்று ஒன்றும் விளங்கவில்லை.

மதுரையிலிருந்து பழுது பார்ப்பவர் ரயிலில் வந்தார். கருவியைத் தொடவே இல்லை. குப்பைக் கூடைப் பக்கம் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏம்மா, சத்தெடுத்த சக்கை இம்புட்டு மணக்குமா?"

மணக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. பஸ்சு, துணி, தலையணை என்று ஊரே ஏலக்காய் வாசம்தான். இங்கே பிறந்த மூக்கு அதை எப்போதோ கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது.

சக்கைக் கூட்டைப் பிளந்து காட்டினார். ஓரம் வெளிறியிருந்தது. நடுவில் பொடி அரைத்த நிறம் மாறாமல் கட்டியாக இருந்தது.

"எப்படி அடைச்சீங்க?"

செய்து காட்டினேன். எங்கள் வீட்டில் ஏலக்காய் வியாபாரம். வாசம் போகாமல் கட்டை விரலால் அழுத்தி அடைப்பது சின்ன வயதிலேயே கைக்கு வந்த பழக்கம்.

"இப்படி இறுக்குனா அசிட்டோன் உள்ள எங்கிட்டுப் போகும்? சுத்திக்கிட்டுல்ல எறங்கும்!"

கவனமாகச் செய்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கிறேன். தளர்வாக நிரப்பி ஓட்டினேன். மறுநாள் எடை போட்டால் சத்து தாராளமாக இருந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் காய் கொடுத்தவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க காய் நல்ல காய்தான். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவருக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"கீழ் வரிசை முச்சூடும் பிடுங்கியாச்சே ஆத்தா," என்றார். பிறகு போனை விலக்கிக் கத்தினார்: "ஏப்பா, நிப்பாட்டுங்க!"

சரிவில் ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றிருப்பார்கள் போல. மண்வெட்டிச் சத்தம் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது.