இருபத்து நான்கு முத்திரைகளும் ஓர் இடியப்ப அடுப்பும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் இருபத்து நான்கு வீடுகள் உள்ளன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவற்றை வாங்கிய பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்கின்றனர். பெற்றோர் இங்கே இருக்கின்றனர். பொதுக் கருமங்களைச் சங்கம் ஒன்று கவனிக்கிறது. வீட்டுக்கு ஒரு வாக்கு. பிள்ளைகளின் வாக்கைப் பெற்றோரே செலுத்துவர். சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கட்டட ஒப்பந்தக்காரர். வாகனத் தரிப்பிடத்தைப் பங்கிடுபவரும், நீரேற்றும் இயந்திரம் பழுதானால் ஆள் அழைப்பவரும் அவரே. ஆதலின் அவரோடு முரண்படுவதை எவரும் விரும்புவதில்லை.

மூன்றாம் மாடியிலுள்ள அம்மையார் நகரின் வடபகுதியிலுள்ள கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர். கணவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றிக் காலமான பின்னர், அவுஸ்திரேலியாவில் வாழும் தமையனார் இங்கிருந்த தம் வீட்டை இவருக்கு எழுதிக் கொடுத்தார். வீடு கிடைத்ததே தவிர வருவாய் கிடைக்கவில்லை. எனவே காலையும் மாலையும் இடியப்பம் அவித்து, சொதியும் சம்பலும் சேர்த்து விற்கலானார். கட்டடத்திற் பெரும்பாலானோர் அதையே உண்டனர். ஆயினும் பக்கத்து வீட்டுச் சுவரில் நீராவி படிகிறது என்றும், உணவு எடுக்க வரும் மோட்டார் சைக்கிள்காரர் மின்தூக்கியை மறித்து நிற்கின்றனர் என்றும் முறைப்பாடுகள் எழுந்தன. அவை முற்றிலும் பொய்யல்ல. விற்பனைக்காகச் சமைப்பதைக் கட்டடத்தினுள் தடைசெய்ய வேண்டும் என்று தலைவர் பிரேரணை கொண்டுவந்தார்.

கீழ்த்தளத்தில், வாகனங்களுக்கு நடுவே நாற்காலிகள் இட்டுக் கூட்டம் நடைபெற்றது. பிரேரணையை ஆதரிப்போர் கையை உயர்த்துமாறு தலைவர் கேட்டார். கைகள் உயர்ந்த முறையை நான் கவனித்தேன். ஒவ்வொருவரும் முதலில் தலைவரின் முகத்தையும் அடுத்துத் தம் வாகனம் நின்ற இடத்தையும் பார்த்தனர். அதன் பின்னரே கை உயர்ந்தது. அன்று காலை அவ்வம்மையாரின் சொதியை உண்டவர்களின் கைகளும் அவற்றுள் இருந்தன. அவரோ பின்வரிசையில் மடிமேற் கைகளை வைத்தபடி அமர்ந்திருந்தார்.

கைகள் எண்ணப்படுமுன், ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான் எழுந்து, இஃது ஒருவரின் பிழைப்பைப் பற்றிய தீர்மானம் என்றும், மறைவான வாக்கெடுப்பே பொருத்தம் என்றும் கூறினேன்.

“பேப்பரிலயோ மாஸ்டர்?” என்றார் தலைவர். “முந்தி ஒருக்காப் பேப்பரில நடத்தினனாங்கள். வீடு இருபத்து நாலு, வோட்டு இருபத்தாறு!”

எல்லோரும் சிரித்தனர். அது மெய்யாகவே நிகழ்ந்திருந்தது. மிகுதியான இரண்டையும் இட்டவர் யார் என்பது இன்றுவரை தெரியாது.

அப்போது பின்னால் நின்ற இளம் பெண்ணொருவர் பேசினார். ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் மென்பொருட் பொறியியலாளர். வாடகையாளர் என்பதால் வாக்குரிமை இல்லாதவர். “அங்கிள், ஆள் ஆரெண்டு தெரியாமலே, அவர் இந்த இருபத்து நாலில ஒருத்தர், ஒருக்கா மட்டும்தான் போட்டவர் எண்டு நிரூபிக்கலாம். நான் வேலையில செய்யிறது உதுதான்.”

“உதென்ன பிள்ளை, செய்வினையோ?” என்றார் தலைவர்.

“இல்லை அங்கிள், கணக்கு.”

தலைவருக்கும் அந்த இருபத்தாறு வாக்குகள் ஆறாத புண்ணாக இருந்தன. எவரும் இருமுறை வாக்களிக்க இயலாது என்ற உறுதியின் பேரில் இசைந்தார். வாக்கெடுப்பை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. நடத்துபவன் வாக்களிக்கலாகாது என்று கூறி, என் வாக்கை நான் விட்டுக்கொடுத்தேன்.

நடத்துபவனுக்கு நடப்பது விளங்க வேண்டும் என்பதால் பொறியியலாளரின் வீட்டுக்குச் சில மாலைகள் சென்றேன். முதல் நாள் அவர் என்னை மொட்டைமாடிக் கதவருகே அழைத்துச் சென்றார். அங்கே எண்களைச் சுழற்றித் திறக்கும் பூட்டொன்று தொங்குகிறது. அவர் எனக்கு முதுகு காட்டி நின்று எதையோ திருகித் திறந்த பூட்டை உயர்த்திக் காட்டினார்.

“எனக்கு நம்பர் தெரியும் எண்டு நம்புறீங்களோ?”

“நம்புறன்.”

“உங்களுக்கு நம்பர் தெரியுமோ?”

“தெரியாது.”

“அவ்வளவுதான் அங்கிள்.”

அவ்வளவே அன்று, ஆயினும் அதன் கரு அதுவே. பொறியியலாளர் பயன்படுத்தியது, மென்பொருள் ஆக்குவோர்க்கென ஆயத்தமாகக் கிடைக்கும் கருவித்தொகுதி ஒன்று. அவர் அதனை ‘எஸ்டிகே’ என்பார். கடினமான கணிதம் யாவும் அதனுள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. எவற்றை நிறுவ வேண்டும் என்ற விதிகளை எழுதி, சான்றை ஆக்குவதற்கான கட்டளையையும் சான்றைச் சரிபார்ப்பதற்கான கட்டளையையும் உரிய இடங்களில் அமைப்பதே அவரது பணி. ஒவ்வொரு வீட்டாரின் கைப்பேசியிலும் ஓர் இரகசியம் பிறக்கும். அதிலிருந்து முத்திரை ஒன்று வார்க்கப்படும். முத்திரையைக் கொண்டு இரகசியத்தை அறிய இயலாது. ஆகவே இருபத்து நான்கு முத்திரைகளையும் அறிவித்தற் பலகையிலேயே ஒட்டலாம். வாக்களிக்கும் வேளையில், ‘இம்முத்திரைகளுள் ஒன்றன் இரகசியம் என்னிடம் உண்டு’ என்பதற்குக் கைப்பேசி சான்று ஆக்கும். எந்த முத்திரை என்பதைச் சொல்லாது. அதனோடு ஒரு குறியும் வெளிப்படும். ஒரே இரகசியத்தால் மீண்டும் வாக்களித்தால் அதே குறியே மீண்டும் வரும், அவ்வாக்குத் தள்ளப்படும்.

ஒருநாள் அவர் வேண்டுமென்றே ஒரு சான்றில் ஓர் எழுத்தை மாற்றிச் சரிபார்க்கக் கொடுத்தார். ‘பொய்’ என்ற ஒற்றைச் சொல் திரையில் வந்தது. திருத்திக் கொடுத்தபோது ‘மெய்’ என்று வந்தது. ஏன் பொய், எவ்வாறு மெய் என்ற விளக்கம் எதுவும் இல்லை. அந்தச் சொற்சிக்கனம் எனக்கு உவப்பாயிருந்தது.

திரையில் தோன்றும் தமிழ்த் தொடர்களை எழுதும் பணியை நான் ஏற்றேன். அச்சான்றின் ஆங்கிலப் பெயரை நேரே பெயர்த்தால் ‘அறிவிலாச் சான்று’ என்றாகும். “வேண்டாம் அங்கிள், தலைவர் தன்னைச் சொன்னதெண்டு கோவிப்பார்” என்றார் பொறியியலாளர். ‘வெளிப்படாச் சான்று’ என வைத்துக்கொண்டோம். இரகசியம் தோன்றும் திரையின் அடியில், ‘இதனை எவரிடமும் வெளிப்படுத்தற்க’ என்று எழுதினேன்.

சனிக்கிழமை பிற்பகல் எல்லோரும் கீழ்த்தளத்திற் கூடித் தத்தம் கைப்பேசியில் இரகசியத்தை உண்டாக்கினர். முத்திரைகளை வீட்டெண்களோடு ஒப்பிட்டு மின்தூக்கியின் அருகே ஒட்டினேன். மறுநாள் வாக்கெடுப்பு. யாவும் ஒழுங்காக நிறைவேறின என எண்ணித் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பொறியியலாளர் கைப்பேசியோடு ஓடிவந்தார்.

நான்காம் மாடியிலுள்ள ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தம் இரகசியம் தோன்றிய திரையைப் படமெடுத்து, கட்டடத்தார் அனைவரும் இருக்கும் கைப்பேசிக் குழுவில் ‘இது சரியா?’ என்று இட்டிருந்தார். இரண்டாம் மாடி அம்மா ஒருவர், ‘எங்களுடையது வேறை மாதிரி இருக்கு’ என்று கூறித் தம்முடையதை இட்டிருந்தார். அதைக் கண்ட பிறர், இதுவும் நடைமுறையின் பகுதி போலும் என்று எண்ணி ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் இரகசியத்தை இட்டுக்கொண்டிருந்தனர். சிலர் அவற்றுக்குக் கைகூப்பிய படங்களால் விடையிறுத்திருந்தனர்.

நாங்கள் நான்காம் மாடிக்குச் சென்றோம்.

“அங்கிள், ஏன் இதைக் குரூப்பில போட்டனீங்கள்?”

“சரியோ எண்டு பார்க்கத்தான் பிள்ளை. மகன் பார்த்துச் சரியெண்டவன்.”

“மகனுக்கும் அனுப்பினனீங்களோ?”

“பின்ன? என்ர பிளட் ரிப்போர்ட்டே ரொறன்ரோவில இருந்து அவன்தான் பார்க்கிறவன்.”

“எவரிடமும் வெளிப்படுத்தற்க எண்டு கீழ எழுதிக் கிடக்கே?”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “மகன் என்ன, எவரோ?”

எங்கள் கட்டடத்தில் மின்கட்டணச் சீட்டு முதல் மருந்துச் சிட்டை வரை பிள்ளைகளின் கண்ணிற் படாமல் எதுவும் முற்றுப்பெறுவதில்லை. அவர் கேட்ட வினாவில் இம்மியளவும் கபடம் இல்லை.

ஆனால் விளைவு கடுமையானது. ஒருவரின் இரகசியம் தெரிந்தால், வாக்கோடு வரும் குறியைத் தாமே கணித்து, அவர் எப்பக்கம் வாக்களித்தார் என்பதை அறிந்துகொள்ளலாம். அக்குழுவிலே தலைவரும் இருந்தார். அவர் அதைச் செய்வாரோ செய்யாரோ என்பது வேறு. செய்ய இயலும் என்ற ஐயம் ஒன்றே கைகளை மீண்டும் உயர்த்தப் போதுமானது.

நாங்கள் படிக்கட்டில் நின்று பேசுவதைக் கேட்டுத் தலைவரும் வந்தார். “அதுக்கென்ன, நாளைக்கே நடத்துவம். ஒளிக்கிறதுக்கு ஆரிட்ட என்ன கிடக்கு?”

மூன்றாம் மாடி அம்மையார் தம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கைகளில் மா ஒட்டியிருந்தது. “விடுங்க சேர்” என்றார் என்னிடம். “எனக்காக நீங்கள் எல்லாம் மினக்கெட வேணாம். கொட்டாஞ்சேனைல தங்கச்சி வீட்டுக் குசினியில அவிச்சு பஸ்ஸில கொண்டு வாறேன்.”

அங்கிருந்து விடியற்காலையில் இரண்டு பேருந்துகள் மாறி, கொதிக்கும் சொதியோடு வருவது எவ்வாறு என்பதை அவர் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை.

வாக்கெடுப்பை மறுவாரத்துக்கு ஒத்திவைப்பதாக அறிவித்தேன்.

“மாஸ்டர் அவவின்ர சம்பலுக்கு மயங்கிட்டார்” என்றார் தலைவர்.

“எனக்கு வயிற்றுப்புண். சம்பல் வாயில வைச்சுப் பல வருசம்” என்றேன். அதுவும் உண்மையே.

தவறு நிகழ்ந்த இடத்தைப் பொறியியலாளர் அன்றே கண்டுபிடித்தார். கருவித்தொகுதியோடு வந்த மாதிரி நிரலில், ஆக்குவோர் சோதித்துப் பார்ப்பதற்காக, இரகசியத்தைத் திரையிற் காட்டும் வரி ஒன்று இருந்தது. அவர் அதை அகற்றாது விட்டிருந்தார். இப்போது அதை அழித்தார். இனி இரகசியம் கைப்பேசியின் உள்ளேயே பிறந்து, வாக்கெடுப்பு முடிந்ததும் உள்ளேயே அழியும். உரியவரும் அதைக் காணார். காட்டுவதற்கு எதுவும் இல்லாதபோது ‘வெளிப்படுத்தற்க’ என்ற என் தொடருக்கும் வேலை இல்லாமற் போயிற்று. அதையும் அவர் நீக்கினார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மறு சனிக்கிழமை பழைய முத்திரைகளைக் கிழித்து, புதியவற்றை ஒட்டினேன். பலர் ஏமாற்றமடைந்தனர்.

“ஒண்டும் தெரியுதில்லையே பிள்ளை?”

“தெரியாமல் இருக்கிறதுதான் அங்கிள் சரி.”

நான்காம் மாடிக்காரர் அந்த வெறுந்திரையைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வாக்குகள் வரத் தொடங்கின. சான்றை ஆக்கப் பழைய கைப்பேசிகள் நெடுநேரம் எடுத்தன. இரண்டாம் மாடி அம்மா தம் கைப்பேசி செத்துவிட்டது என்று முடிவுசெய்து எழுந்தபோதுதான் அது சான்றை அனுப்பியது. வந்த சான்றுகளைப் பொறியியலாளரின் கணினி கண்ணிமைக்குமுன் சரிபார்த்தது. மெய், மெய் என்று திரை நிறைந்தது. நடுவே ஒரு வாக்குத் தள்ளுண்டது. முன்னர் வந்த குறியே இரண்டாம் முறையும் வந்திருந்தது.

தலைவர் நிமிர்ந்து அமர்ந்தார். “ஆரது ரெண்டு தரம் அமத்தினது?”

எல்லோரும் தலைவரைப் போலவே சுற்றுமுற்றும் பார்த்தனர். அழுத்தியவரும் அவ்வாறே பார்த்திருத்தல் வேண்டும்.

பிரேரணைக்கு ஆதரவாகப் பத்தும் எதிராகப் பதின்மூன்றும் கிடைத்தன. தடை தோல்வியுற்றது. தலைவர் உடனே ஏற்கவில்லை. சான்றுகள் அனைத்தையும் தம் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி, அங்கிருந்தே சரிபார்த்தார். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை, யாரும் செய்யலாம். இருபத்து மூன்றும் மெய்யாயின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார். “சரி. சரியெண்டால் சரிதானே” என்றார். பின்னர் நீராவி வெளியே போக ஒரு குழாய் பொருத்த வேண்டும் என்றும், எங்கே பொருத்தலாம் என்று தாமே வந்து காட்டுவதாகவும் கூறினார். அவர் தொழில் அது.

சில நாட்கள் கழிந்து அம்மையாரைப் படிக்கட்டிற் சந்தித்தேன். பொறியியலாளரும் உடன் இருந்தார்.

“சேர், எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போறாங்க, எனக்குத்தான் போட்டாங்களாம்” என்றார் அம்மையார். “எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பேர்!”

“பதின்மூண்டுதானே அக்கா விழுந்தது?” என்றார் பொறியியலாளர்.

“அதானே. தலைவர்ட வைஃபும் சொன்னா.” பொறியியலாளரின் பக்கம் திரும்பினார். “மகள், யாரு எனக்கு எதிராப் போட்டதுன்னு இனியாவது பார்க்க ஏலாதா?”

“ஏலாது அக்கா. என்னாலயும் ஏலாது. அவையாலயும் நிரூபிக்க ஏலாது.”

அம்மையார் கையிலிருந்த பொதிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் வீட்டெண் எழுதப்பட்டிருந்தது. “அதுவும் நல்லதுதான்” என்றார். “தெரிஞ்சா, கை தன்பாட்டில சம்பலுக்கு உப்பைக் கூட்டிப் போட்டுரும்.”

பின்னர் மேலே ஏறிச் சென்று, கதவுகளின் கைபிடிகளில் பொதிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்.