கொழுந்து மாடியில் ஆம்ப்ளிஃபையர்

என் சித்தப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்து வேலை எதுவும் சரிப்படாது. கிட்டார் ஒன்றுதான் சரிப்படும். பதுளையில் துரைமார் கிளப்பில் கோப்பை கழுவிக்கொண்டே அதைக் கற்றுக்கொண்டார். அங்கே நடனத்துக்கு வாசிக்கும் குழுவில் ஓர் இடம் காலியானது. பழுதாகிக் கிடந்த கிட்டார் ஆம்ப்ளிஃபையரைச் சரிசெய்தால் அந்த இடம் அவருக்கே என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

எங்கள் லயத்து வீடுகளில் கரண்டு ஏது? அப்பா வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியுமாக ஆம்ப்ளிஃபையர் பெட்டியை அங்கே தூக்கிப் போனார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதும் அது கடுகு தாளிப்பதுபோல் பொரிந்தது. சித்தப்பா பின்பலகையைக் கழற்றி, உள்ளே பல்பு மாதிரி நின்ற வால்வுகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தட்டிப் பார்த்தார். கையோடு கொண்டுவந்த நல்ல வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். பொரிச்சல் நிற்கவில்லை.

"வால்வுல கோளாறு இல்லண்ணே. மழைக்காலம் பூரா கிடந்து உள்ள ஈரம் ஏறியிருக்கு. கொழுந்து வாடப்போடுற மாடியில ஒருநா வச்சா காஞ்சிரும்."

"தேயிலை கண்ட வாடையையும் இழுத்துக்கும்டா" என்றார் அப்பா. மாடி முழுக்க முந்தின நாள் கொழுந்து பரப்பியிருந்தது.

சித்தப்பா கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கெஞ்சியிருந்தால் அப்பா மறுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. பெட்டியின் ஒரு பக்கத்தை அப்பாவே பிடித்துத் தூக்கினார். அனல் காற்று வரும் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்தார்கள்.

மறுநாள் சத்தம் சுத்தமாக வந்தது. சித்தப்பாவுக்கு இடமும் கிடைத்தது. பெட்டிக்குள் கம்பிச் சுருளில் பூசியிருந்த மெழுகு சூட்டில் இளகி விட்ட வாடை மட்டும் தேயிலையோடு கொழும்புக்குப் போனது. அங்கே சுவை பார்ப்பவர்கள் ஒரே வாயில் கண்டுபிடித்துத் தோட்டத் துரைக்கு எழுதிவிட்டார்கள். "என் தப்புதாங்க" என்றாராம் அப்பா. சித்தப்பா பேரை எடுக்கவே இல்லை. துரை அவரை மண்வெட்டி பிடிக்கும் மலை வேலைக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கோ கொண்டாட்டம். தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்த்தவரை அப்பாவை விழித்த கண்ணோடு பார்ப்பதே அரிது. இப்போது வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவார். சித்தப்பாவுக்கு இதை யாரும் எழுதக் கூடாது என்று அப்பா கட்டளை போட்டிருந்தார். எழுதக் கூடாது என்றுதானே சொன்னார்!

தீபாவளிக்குச் சித்தப்பா கிட்டாரோடு வந்தார். அப்பாவின் காலெல்லாம் அட்டைக்கடியாக இருப்பதைப் பார்த்து, "என்னண்ணே இது?" என்றார். அப்பா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"அப்பாவுக்கு இப்ப மலையிலதான் வேல சித்தப்பா. உங்க பெட்டி வாடை தேயிலையில ஏறிருச்சில்ல, அதுலருந்து. பொழுதோட வீட்டுக்கு வந்துர்றாங்க!"

இவ்வளவு நல்ல செய்தி சொன்னவளுக்கு ஒரு பாட்டாவது வாசித்துக் காட்டக் கூடாதா? கிட்டார் உறையைவிட்டு வெளியே வரவே இல்லை. எனக்குக் கோபமான கோபம். அவர் பதுளைக்குத் திரும்பும்வரை நான் அவரோடு பேசவில்லை.